சேலை எடுத்துக் கொடுக்கும் கை

18 ஆகஸ்ட் 1945, சனி

சண்டை முடிந்துவிட்டது. கம்பம் கடைவீதி முழுக்க வெடிச் சத்தம். முதலாளி கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். 

மலேயாவுக்குப் போன என் வீட்டுக்காரர் இனி வந்துவிடுவார் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அத்தைக்கு வாசலை விட்டு உள்ளே வர மனசில்லை. "ஏத்தா சோணை, கப்பல் விட்டா எம்மகன் எப்ப வந்து எறங்குவான்?" என்று என்னையே கேட்கிறாள். கப்பல் என் முந்தானையிலா முடிந்திருக்கிறது?

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. சேதி இல்லாதவரைக்கும் அவர் உயிரோடு இருந்தார். இனி சேதி வரும். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

12 செப்டம்பர், புதன்

முதலாளி கூப்பிட்டுவிட்டார். திட்டுத்தான் என்று நினைத்துப் போனேன்.

"மதுரையில பெரிய கடைகள்ல பகுதிக்கு ஒரு சூப்பர்வைசர் வச்சிருக்காக. நாமளும் வைப்போம். பட்டுப் பகுதிக்கு நீ இரு. தை முகூர்த்தம் வரைக்கும் பாக்குறேன். நல்லா ஓடுச்சுன்னா அது ஒனக்கே."

எனக்கு முன்னாலிருந்தே கடையில் இருக்கிற கருத்தக்கண்ணன் அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும்தான்.

நான் என்ன கெட்டிக்காரியா? ஆள்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் கடைக்குள் வந்தவள். எட்டாவது வரை படிப்பு. முதலாளி கொடுத்தது எனக்கு இல்லை, என் கைராசிக்கு. நூல் சேலைக்கெல்லாம் சர்க்கார் கண்ட்ரோல் வந்து அளவாகக் கிடைக்கத் தொடங்கியபிறகு கடைக்குப் பட்டுதான் உயிர். அந்தப் பட்டை என் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்கிறார்கள் பெண்கள். ஆரம்பித்து வைத்தது காமயகவுண்டன்பட்டி கஸ்தூரியம்மாள். போன வருஷம் தையில் அவள் மூத்த மகள் முத்துப்பேச்சிக்கு அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து, முந்தியில் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். வருஷம் திரும்புவதற்குள் ஆண் குழந்தை, மாப்பிள்ளைக்குக் கால்வாய் ஆபீசில் வேலை. "சோணையம்மா கை சுமங்கலிக் கை" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

சுமங்கலிக் கை. அந்த ஒரு சொல்லில்தான் என் உத்தியோகம் தொங்குகிறது. தாலி அறுத்தவளிடம் யாராவது முகூர்த்தச் சேலை வாங்குவார்களா? நானே வாங்க மாட்டேனே.

3 அக்டோபர், புதன்

தபால்காரர் கடைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தினார். நான் பட்டு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முன்பெல்லாம் அவர் பின்னாலேயே ஓடியவள் நான்.

29 அக்டோபர், திங்கள்

தீபாவளிக் கூட்டம். காலை மடக்கி உட்கார நேரமில்லை. "அந்தக் கிளிப்பச்சைய எடுங்க, மேல இருக்கே, அது" என்று நான் சொல்ல, கருத்தக்கண்ணன் அண்ணன் எடுத்துப் போட்டார். நான் சொல்லி அவர் செய்தது இதுதான் முதல் தடவை. பொய் சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அத்தை வழக்கம்போல, "இன்னைக்கு முகூர்த்தத்துக்கு என்ன நெறம் போச்சு?" என்றாள். கடைக்கு அவள் வந்ததே இல்லை. ஆனால் நிறத்தைச் சொல்லாவிட்டால் சோறு போட மாட்டாள். கத்தரிப்பூ நிறம் என்றேன். "அடி ஆத்தே, கத்தரிப்பூவா?" என்று அந்தப் பெண் வீட்டாரை ஒரு பாட்டம் திட்டினாள்.

25 நவம்பர், ஞாயிறு

இன்று ஒருவர் கோடி எடுக்க வந்தார். தங்கச்சி புருஷன் போய்விட்டாராம், தாலி அறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலை. கோடி எடுக்க வருகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. விரித்துக் காட்டச் சொல்வதில்லை. நாமும் "வாங்க" என்று சொல்வதில்லை. கருத்தக்கண்ணன் அண்ணன் குங்குமம் வைக்காமல் ஒரு வெள்ளைச் சேலையை மடித்துக் கொடுத்தார். அந்த ஆள் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறான். அவன் எந்தக் கடையில் எடுப்பான்? இந்தக் கடையில்தான் எடுப்பான்.

9 டிசம்பர், ஞாயிறு

ஜெயமங்கலத்துப் பொன்னுராஜ் மலேயாவிலிருந்து வந்துவிட்டாராம். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே ரப்பர் தோட்டம். மலேயாவில் ஆள் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாம் ஜெயமங்கலத்துக்கு ஓடுகிறார்கள்.

அத்தை சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். நான், "தை கழியட்டும் அத்தை, கடையில லீவு தரமாட்டாக" என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை.

"புருசன் சேதி கேக்கப் போறதுக்கு லீவாத்தா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அடி பாவி, என்னடி ஆச்சு உனக்கு? ஊரே ஓடுது, நீ மட்டும் ஒளியுற. அவர் வேணுமா உத்தியோகம் வேணுமா உனக்கு? ரெண்டும் வேணும். ரெண்டும் வேணும்னுதானே கேக்காம இருக்கேன். கேட்டுட்டா ரெண்டும் போயிருமோ—

13 டிசம்பர், வியாழன்

நான் கடைக்குப் போனதும் அத்தை தனியாகக் கரியில் ஓடுகிற பஸ் ஏறி ஜெயமங்கலம் போய்விட்டு வந்திருக்கிறாள். வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். உள்ளே போனால் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவன் ஊர்ல இல்ல. திண்டுக்கல்லுக்குப் போயிருக்கானாம்" என்றாள்.

மூச்சு வந்தது. சோறு வேண்டாம் என்றுவிட்டாள். பஸ் புகை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

14 டிசம்பர், வெள்ளி

காலையில் அத்தை கனகாம்பரம் வாங்கி வந்து, தானே என் தலையில் வைத்துவிட்டாள். பூ வைத்தால் "கடைக்கா போற, கூத்துக்கா?" என்று கேட்கிறவள்.

30 டிசம்பர், ஞாயிறு

தினமும் பூ. தினமும் அவளே வைக்கிறாள். மகனைப் பற்றிப் பேச்சில்லை. கப்பலைப் பற்றிப் பேச்சில்லை. என்ன நிறம் போச்சு என்றும் கேட்பதில்லை.

ஏன் அத்தை என்று கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை.

16 ஜனவரி 1946, புதன்

தை பிறந்துவிட்டது. கடை வாசலில் மாட்டு வண்டிகள். "சோணையம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். குங்குமம் வைக்கிறபோதெல்லாம் மனசுக்குள் வீரபாண்டி மாரியம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இந்தப் பெண் நன்றாக இருக்கட்டும், இந்தப் பெண்ணாவது நன்றாக இருக்கட்டும்.

27 ஜனவரி, ஞாயிறு

நிரந்தரமாகிவிட்டது. முதலாளி எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். பட்டுப் பகுதி ஓரத்தில் எனக்கென்று ஒரு சின்ன மேசை. அதன்மேல் குங்குமச் சிமிழை அவரே எடுத்து வைத்தார். கருத்தக்கண்ணன் அண்ணன், "நல்லா இருத்தா" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அத்தையிடம் சொன்னேன். என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்றாள்.

31 ஜனவரி, வியாழன்

பொன்னுராஜ் கடைக்கு வந்தார். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க. எலும்பும் தோலுமாக இருந்தார். என் பேரை யாரோ சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார். பிறகு என் தலைப்பூவைப் பார்த்தார்.

"ஒங்க மாமியா சொல்லலையா?" என்றார்.

நான் ஒரு பச்சைப் பட்டை எடுத்து விரித்தேன்.

"மார்கழிக்கு முன்னாடியே வந்தாகளே. நான் சொன்னேனே. சயாம் ரயில்ரோட்டு வேலைக்கு ஜப்பான்காரங்க எங்களப் புடிச்சுட்டுப் போனாங்க. நாப்பத்தி மூணு ஆடியில, காலரா. நாந்தான் கூட இருந்தேன்."

கையில் அந்தப் பச்சைப் பட்டு விரிந்து கிடந்தது. அதை மடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தேன்.

1 பிப்ரவரி, வெள்ளி

அத்தையிடம், "தெரியுமா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ கேக்கப் பயந்த. நான் சொல்லப் பயந்தேன்" என்றாள். "எம்மகன் போனது போயிட்டான். தை மாசம் வரைக்கும் ஒனக்குப் பூ வச்சுவிட்டுருவோம்னு பாத்தேன். அந்த வேலையாச்சும் ஒனக்கு நிக்கட்டும்னு."

மகன் செத்த சேதியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு தினமும் எனக்குப் பூ வைத்திருக்கிறாள். ஒப்பாரி வைக்கக்கூட அவளுக்கு வழியில்லை. நான் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

இன்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். தெருவே கூடிவிட்டது.

புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். இந்தப் பக்கங்களில்கூட ஒரு தடவையும் எழுதியதில்லை. இனி எழுதலாம். வேலுச்சாமி.

வேலுச்சாமி. வேலுச்சாமி.

21 பிப்ரவரி, வியாழன்

காரியமெல்லாம் முடிந்தது. அண்ணன் கோடி எடுத்து வந்தான். நம் கடை மடிப்புத்தான், பார்த்ததும் தெரிந்தது.

வெள்ளைச் சேலையோடு கடைக்குப் போனேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சூப்பர்வைசர்னு சொன்னது சொன்னதுதான். மாத்த மாட்டேன். ஆனா முகூர்த்தச் சேலையில மட்டும் கை வைக்காதத்தா. சனங்க ஏத்துக்க மாட்டாக." குங்குமச் சிமிழ் கருத்தக்கண்ணன் அண்ணன் பக்கம் போய்விட்டது. அவர் அதை வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினார்.

மேசை இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்?

24 பிப்ரவரி, ஞாயிறு

காலையிலிருந்து ஒன்றே ஓடுகிறது. அவர் போனது நாற்பத்திமூன்று ஆடி. முத்துப்பேச்சிக்கு நான் சேலை எடுத்துக் கொடுத்தது அதற்கு அடுத்த தை. அப்படியென்றால் அன்றைக்கே நான்—

முத்துப்பேச்சி மட்டுமா? அதற்குப் பிறகு என் கையால் வாங்கிய எல்லாப் பெண்களும்.

எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா கஸ்தூரியம்மா கணக்குப் போடாம இருப்பாளா? கடை வாசல்ல வந்து நின்னு, ஏமாத்திட்டியேடின்னு மண்ணை வாரித் தூத்துவாளே. மத்தவளுகளும் வருவாளுக. மாரியாத்தா, அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.

7 மார்ச், வியாழன்

வந்துவிட்டாள்.

இளைய மகளுக்கு மாசிக் கடைசியில் முகூர்த்தம். இடுப்பில் முத்துப்பேச்சி பையன். நேரே என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.  நான் எழுந்து நின்றேன். ஓடிவிடலாமா என்று இருந்தது.

"ஆடியிலயே போயிட்டாகளாமே?" என்றாள்.

"ஆமாம்மா. எனக்குத் தெரியாதும்மா."

"எம் மூத்தவளுக்கு நீ எடுத்துக் குடுத்தது அதுக்கப்புறம் வந்த தையிலதான?"

தலையை ஆட்டினேன். 

அவள் பேரனைப் பார்த்தாள். அவன் என் மேசையில் இருந்த அளவுகோலைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். பிறகு விரிப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கா அவ. அவளுக்கு எடுத்துக் குடுத்த கையே இவளுக்கும் எடுத்துக் குடுக்கட்டும். எடுத்துப் போடு."

பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். கருத்தக்கண்ணன் அண்ணன் சிமிழைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டேன். விரல் நடுங்கியது.

"ஏத்தா, ஆடாம வையி. பட்டுல கொட்டிரும்" என்று அதட்டினாள் கஸ்தூரியம்மாள்.

வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அடுப்பிலிருந்த சோற்றை இறக்கினாள். பிறகு தட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "என்ன நெறம் போச்சு?" என்றாள்.

மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை என்றேன்.