சிலி நோட்டில் என் சின்ன மாமனார்

அக்கா,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் காரியம் முடிந்ததும் உங்கள் மகன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன வெளிநாட்டுப் பண நோட்டு ஆல்பம். எடுத்துப் பிரித்தவள் சோறு பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

எழுபதுகளில் வில்லாபுரத்தில் நாம் அடுத்தடுத்த வீடு. கப்பலில் வேலை பார்த்த உங்கள் தம்பி, தென்னமெரிக்கத் துறைமுகங்களில் செல்லாமல் போன பழைய நோட்டுகளை உங்களுக்காகப் பொறுக்கி வருவார். தெருவில் மற்றவர்கள் புடவை சேர்த்தார்கள். நீங்கள் சிலி, பெரு, பொலிவியா என்று சேர்த்தீர்கள்.

பிறகு உங்கள் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேசனுக்கு நாள் குறித்தும் பயம் போகவில்லை.

"பார்வை திரும்பலன்னா இது அம்புட்டும் வெறுங்காகிதந்தேன். ஒவ்வொன்னும் எப்படி இருக்குன்னு நீயே சொல்லுத்தா. மனசுல ஏத்திக்கிறேன்" என்றீர்கள்.

எனக்கு அந்த எழுத்தும் தெரியாது, அந்தத் தலைவர்களையும் தெரியாது. தெரிந்த முகங்களை வைத்துத்தான் சொன்னேன். சிலி நோட்டில் கன்னம்வரை கிருதா வைத்தவரை என் சின்ன மாமனார் என்றேன். என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் தீர்ந்துவிட்டது என்றவர். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பெரு நோட்டில் கேடயமும் கம்பும் பிடித்து உட்கார்ந்திருப்பவள் என் நாத்தனார். "வந்ததுல இருந்து எந்திரிக்கவே இல்லக்கா" என்றேன். என்ன நிறம் என்று கேட்பீர்கள். "காஞ்ச கருவேப்பிலைப் பச்சை" என்பேன்.

கட்டுப் பிரித்து, தடித்த கண்ணாடி மாட்டிய அன்று முதலில் சிலி நோட்டைத்தான் கேட்டீர்கள். மூக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தீர்கள்.

"என்னக்கா, தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. மனுசன் ராசாவாட்டம் லட்சணமா இருக்காரு. இவரையா அப்பளத் திருடன்னு சொன்ன?"

"முழியப் பாருங்க. ஒளிச்சு வச்ச முழி."

சிரித்துச் சிரித்து உங்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் திட்டுவார் என்றேன், கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போட்டீர்கள்.

"பாக்குறதவிட நீ சொன்னதுதேன் நல்லாருக்கு. மொதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன். நாத்தனாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

அதிலிருந்து எந்த முகத்தையும் சும்மா பார்த்துவிட்டுப் போக எனக்கு வருவதில்லை. நேற்று காளவாசல் ஸ்டாப்பில் நான் ஏறிய பஸ்ஸில் ஒரு கண்டக்டர், இரண்டு கன்னத்திலும் கொழுக்கட்டை அடக்கியவர்போல. டிக்கெட் வாங்குவதற்குள் உங்களுக்கு அவரை எப்படிச் சொல்வதென்று மனசு வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டது. இறங்கும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.