டார்ச்சை நேராகப் பிடி

என்னங்க,

சோப்புப் போட்டுக் கழுவினேன், சீயக்காய் போட்டும் தேய்த்தேன், விரலில் ஏறிய ரப்பர் வாசனை போகமாட்டேன் என்கிறது. பழைய சைக்கிள் ட்யூபின் வாசனை. நேற்று உங்கள் முதல் வருஷத் திதி முடிந்தது. படையலுக்குச் சுட்ட வடையின் எண்ணெய் வாசனை போய்விட்டது, சாம்பிராணி வாசனையும் போய்விட்டது, இது மட்டும் நிற்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சமையலறை மிக்ஸர் பைப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இந்தப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர், அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர் என்று ஒற்றைக் கைப்பிடி வைத்தது. பெங்களூரிலிருந்து பையன் ஆசையாக வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனான். நம் வேங்கிக்கால் போர்வெல் தண்ணீரின் உப்பு அந்த ஆசையைச் சீக்கிரமே தின்றுவிட்டது. சொட்ட ஆரம்பித்ததும் அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையானது. பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பது என் வேலை.

டார்ச் பிடிப்பதைத் தவிர வேறெதையும் நீங்கள் என்னைச் செய்யவிட்டதில்லை. ஃப்யூஸ் கட்டையோ, காஸ் ட்யூபோ, தையல் மிஷின் பெல்ட்டோ, எதில் நான் கை வைத்தாலும் எங்கிருந்தோ வந்து நின்றுவிடுவீர்கள். "வுடு, உனக்கு வராது. கைய கிய கிழிச்சிக்கப் போற." அதட்டிச் சொல்லியிருந்தால் ஒரு நாளாவது சண்டை போட்டு ஸ்பேனரைப் பிடுங்கியிருப்பேன். நீங்கள் பிரியமாகச் சொல்லித் தொலைத்தீர்கள். குளிர்காலத்தில் எனக்கு விரல் வெடித்தால் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவிவிடுகிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? நானும் அக்கம்பக்கத்தில், "எங்க வீட்டுக்காரரு இருக்கறவரைக்கும் எங்க வீட்டு வாசப்படிய பிளம்பர் மிதிச்சதில்ல" என்று பெருமையடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நீங்கள் போனது பௌர்ணமியில். நல்ல திதியில் போனார் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படியானால் வருஷா வருஷம் உங்கள் திதி கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில்தான் வரும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. இந்த முறை பௌர்ணமி திதிக்கு முந்தின நாளே தொடங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து மத்தியானம், சொட்டிக்கொண்டிருந்த பைப்பு ஒழுக ஆரம்பித்து, பிறகு நிற்காமலே கொட்டியது. மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். அத்தனை பேருக்கும் சமைக்க வேண்டும். மாடி டேங்க்கோ காலியாகிக்கொண்டிருக்கிறது. பிளம்பருக்குப் போன் போட்டேன். "எல்லா ரோட்டையும் மறிச்சிட்டாங்கமா, வண்டி நகராது. நாளன்னிக்கு வரேன்" என்றான். பையனுக்குப் போட்டால் அவன் இன்னும் பெங்களூரைத் தாண்டவில்லை. "மா, மெயின் வால்வ மூடிட்டு அப்பிடியே வுட்டுடுங்க. நீங்க எதையும் தொடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்றான். அப்படியே உங்கள் குரல். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு உங்கள் ஸ்பேனர் பையை எடுத்தேன்.

இத்தனை காலம் டார்ச் பிடித்ததில் ஒரு லாபம் இருந்தது. எதற்குப் பிறகு எதைக் கழற்ற வேண்டும் என்பது கைக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. சிங்க்குக்கு அடியில் தண்ணீரை நிறுத்துகிற இரண்டு திருகையும் மூடினேன். உப்பேறி இறுகிக் கிடந்தன. டார்ச் பிடிக்க ஆளில்லை. பருப்பு டப்பா மேல் வைத்தால் உருண்டு விழுந்தது. கடைசியில் சொம்புக்குள் சாய்த்து நிறுத்தினேன். கைப்பிடியைக் கழற்றி, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பித்தளை நட்டைத் திருகி எடுத்தேன். நட்டுக்கு அடியில் கறுப்பாக ஒரு வளையம். விரலில் எடுத்துப் பார்த்தால் சைக்கிள் ட்யூபை வெட்டிச் செய்தது.

அந்த இடத்தில் அது இருக்கக் கூடாது. தண்ணீரைத் திறந்து மூடுகிற உள்பாகம் தேய்ந்துபோனால் புதிது வாங்கி மாற்ற வேண்டும். நீங்களே முன்பு அப்படி மாற்றியதற்கு டார்ச் பிடித்தவள் நான். இந்தத் தடவை மாற்றாமல், பழசையே ட்யூப் வளையம் வைத்து அழுத்தி இறுக்கிவிட்டிருக்கிறீர்கள். அதனால்தான் கைப்பிடி கல் மாதிரி ஆகி, இரண்டு கையாலும் தூக்கினால்தான் தண்ணீர் வரும் என்றாகிவிட்டது. ஏன் இப்படி இருக்கிறது என்று நான் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "கம்பெனி பைப்பு. அப்பிடித்தான் டைட்டா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு எனக்கே கதை விட்டிருக்கிறாரே என்று வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த அறையில் உங்கள் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நான் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

தேய்ந்த உள்பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு முனையிலிருக்கிற ஹார்டுவேர் கடைக்கு நடந்தேன். சாலை முழுக்கக் கிரிவலத்துக்குப் போகிற ஜனம். கடைக்காரர் அதே அளவில் புதிது எடுத்துக் கொடுத்துவிட்டு, "மாட்டறது யாரும்மா?" என்று கேட்டார். "வீட்ல ஆள் இருக்கு" என்றேன். நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வந்து மாட்டினேன். முதலில் கோணலாகப் போய்விட்டது, மறுபடி கழற்றி மாட்டினேன். கீழே இரண்டு திருகையும் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. கைப்பிடியை ஒற்றை விரலால் தூக்கினேன், தண்ணீர் வந்தது. இறக்கினேன், நின்றது. மறுபடி தூக்கினேன். சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நீங்கள் இருந்திருந்தால் இந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்திருக்காது. அதை நினைத்தபோதே உடம்பு கூசியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நேற்று இலை போட்டு, வேட்டி வைத்து, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து முடித்தோம். கற்பூரம் காட்டுவதற்கு முன் உங்கள் தங்கை கை கழுவச் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். "பாருங்க அண்ணி, எங்க அண்ணன் கை வெச்ச பைப்பு! ஆளு போயி வருஷம் ஒண்ணாச்சு, எப்பிடி நைசா வருது பாருங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருப்பேன்? உங்கள் நாள், உங்கள் தங்கை, உங்கள் படம். எனக்கு வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

"அது அவரு வெச்சது இல்ல. நேத்து நான் மாத்தினது. அவரு சைக்கிள் ட்யூப வெட்டி உள்ள சொருவி வெச்சிருந்தாரு. அதான் ஒழுவிச்சு."

பையன் உங்கள் படத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். உங்கள் தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னிக்கா அண்ணி இத சொல்லணும்?" என்றாள். அவ்வளவுதான். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தோம். காக்கை வரவில்லை. எங்கிருந்தோ மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதனால்கூட இருக்கலாம். ஆனால் உங்கள் தங்கை காக்கையைத் தேடாமல் என்னைப் பார்த்தாள். கைகூப்பி மனதுக்குள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்து முதலில் வடையைக் கொத்தியது. எல்லாருக்கும் போன உயிர் வந்தது. எனக்கு மட்டும் உறுத்தியது. அந்த மன்னிப்பில் பாதி பொய். நான்தான் மாற்றினேன் என்று சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. பாவம், அந்தக் காக்கைக்கு அது எப்படித் தெரியும்?

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, மேடையைத் துடைக்கும்போது சோப்பு டப்பாவுக்குப் பின்னால் அந்த வளையம் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்டிய விளிம்பு நேராக இல்லை. பல்லுப் பல்லாக, ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் அறுந்துபோகிற மாதிரி இருந்தது. பையனின் நோட்டுக்கு அட்டை போட்டால் ஸ்கேல் இல்லாமலே நேராக வெட்டுகிற கை உங்கள் கை. அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

கடைசி மழைக்காலம். உங்களுக்குக் கை நடுங்கவும் கால் தளரவும் ஆரம்பித்திருந்தது. நீங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பைப்பைக் கழற்ற உட்கார்ந்தீர்கள். ஸ்குரூ கையை விட்டு விழுந்தது, எடுத்தீர்கள், மறுபடி விழுந்தது. "டார்ச்ச நேரா புடி! ஆட்டிக்கினே இருந்தா எப்பிடிப் பாக்கறது?" என்று கத்தினீர்கள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கத்தினீர்கள். டார்ச் ஆடவில்லை. நேராகத்தான் பிடித்திருந்தேன். உங்கள் கைதான் ஆடியது. "சரிங்க" என்றேன். பிறகு நீங்கள், "மாடிக்குப் போயி டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குதுன்னு பாத்துட்டு வா" என்று அனுப்பினீர்கள். நான் இறங்கி வந்தபோது எல்லாம் மாட்டி முடித்திருந்தீர்கள். "முடிஞ்சிடுச்சி" என்றீர்கள். சட்டையெல்லாம் வேர்வை.

நான் மாடியில் இருந்த நேரத்தில்தான் இதை வெட்டியிருக்கிறீர்கள். புதிது வாங்கக் கடை வரை நடக்க உங்களால் முடியாது. என்னைப் போகச் சொல்ல மனம் வரவில்லை. இதைத்தான் நான் சோம்பல் என்று நினைத்துச் சிரித்தேன். இதைத்தான் உங்கள் திதியன்று, உங்கள் படத்துக்கு முன்னாலேயே ஊருக்குச் சொல்லி உங்கள் மானத்தை வாங்கினேன். அன்றைக்கு "சரிங்க" என்று காப்பாற்றியதை நேற்று நானே போட்டு உடைத்துவிட்டேன்.

தங்கைக்கு இன்று போன் செய்து சொல்லிவிட்டேன், கை நடுக்கம் உட்பட எல்லாவற்றையும். அழுதாள். வைப்பதற்கு முன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எங்க வீட்டு பாத்ரூம் பைப்பும் சொட்டுது அண்ணி, ஒருநா வாங்க" என்றாள். போகிறேன்.

வளையத்தைத் தூக்கிப் போடவில்லை. உங்கள் ஸ்பேனர் பையிலேயே வைத்திருக்கிறேன். அதை இனி என் பை என்று சொல்ல வேண்டும். நீங்கள் திரும்பி வந்து, வுடு, உனக்கு வராது என்று கை நீட்டினால் ஸ்பேனரைக் கொடுப்பேனா என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொடுக்கமாட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கொடுக்கமாட்டேன்.

வந்தால் பக்கத்தில் நில்லுங்கள். டார்ச்சைத் தருகிறேன். ஆடினால் ஆடட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.