நடு நாற்காலி

தூசி சூடாகும் வாசனைதான் முதலில் வந்தது. மெர்லிமாவில் உன் வீட்டுப் பின்னறையில், உன் வால்வு ஆம்பிளிஃபயரை எடுத்து வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் போதும், உடனே பணம் போடுகிறேன் என்று ஈப்போவிலிருந்து ஒருவர் சொல்லியிருந்தார். கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சிவந்ததும் உன் கடையின் சனிக்கிழமை வாசனை அறை முழுக்கப் பரவியது. வீடியோவை அனுப்பினேன். அவர் வாங்கிவிட்டார்.

எல்லாம் விற்கிறது, மச்சான். உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்ல. உன் கடையில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த சாமானை உன் மனைவி மாலா விற்றுத் தரச் சொன்னாள். ஆன்லைனில் போட்ட சில நாளிலேயே ஒவ்வொன்றாகப் போய்விடுகிறது. ‘போலே குராங், போஸ்?’ என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பினாங்குக்காரர், கூச்சிங்குக்காரர், ஒருவர்கூட ஒலி எப்படி இருக்கும் என்று விசாரிக்கவில்லை. பத்திரமாகக் கட்டி அனுப்புங்கள் என்பதோடு சரி.

மலாக்கா டவுனில், மாடியில் இருந்தது உன் கடை. நியாலாஸ் பக்கத்துச் செம்பனை ஆலையில் வாரம் முழுக்க இரைச்சலில் கிடக்கிற எனக்கு சனிக்கிழமை பிற்பகல் அதுதான் சொர்க்கம். ஏர்கோன் குளிர், வெளிச்சத்தம் நுழையாத அறை, ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு, எதிரே ஒரே ஒரு நாற்காலி. இரண்டு பக்கத்து ஒலியும் சரியாக வந்து சேர்கிற இடம் அந்த அறையிலேயே அது ஒன்றுதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவாய். அதில் நான் உட்கார்ந்திருப்பேன். வாடிக்கையாளர் வந்தால் எழுவேன், அவர் படியிறங்குவதற்குள் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். நீ ஓரமாக, ஆம்பிளிஃபயர் பக்கத்தில் நின்று ஒலியைக் கூட்டிக் குறைப்பாய். கிளேபாங் வரை சுற்றிப் போய்த் தேங்காய் ஷேக் இரண்டு வாங்கி வருவேன், அதோடு என் கடமை முடிந்ததாக நினைப்பு. அத்தனை வருஷத்தில் உன் கடையில் நான் வாங்கியது ஒரு ஸ்பீக்கர் ஒயர்.

எல்லாருக்கும் நீ போட்டுக் காட்டுவது ஒரே நாதஸ்வர சிடிதான். “நடுவுல ஆள் வந்து நின்னு வாசிக்கிற மாதிரியே இருக்குடா” என்று வாரம் தவறாமல் சொல்வேன். “நிக்குதா?” என்பாய். சிரிப்பாய்.

இளைஞர்கள் வருவார்கள். ஆற அமரக் கேட்பார்கள், மாடல் எண்ணைப் போனில் படம் பிடிப்பார்கள், வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் அங்கிள் என்று போய், அதே பெட்டியை ஆன்லைனில் குறைந்த விலைக்கு வாங்கிவிடுவார்கள். நான் அவர்களைத் திட்டாத திட்டில்லை. வெட்கங்கெட்ட பயல்கள், ஓசியில் பாட்டுக் கேட்கிறான்கள் என்று அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டே திட்டினேன். நீ அவர்கள் கேட்டுவிட்டுப் போன பெட்டியைத் துடைத்து வைப்பாய்.

ஒரு சனிக்கிழமை தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாய்.

“நாமளும் ஆன்லைன்ல போட்ருவமாடா? கடைய விட்டுட்டு வீட்லேர்ந்தே பண்ணலாம். வாடகை மிச்சம்லா.”

“பைத்தியமாடா உனக்கு? காதால கேக்காம எவன் வாங்குவான்? இது என்ன சட்டையா?”

தொழில் மரியாதை, உன் பெயர், உன் காது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தேன். நீ நம்பினாய். ஆனால் அன்று என் மனதில் இருந்தது உன் தொழில் இல்லை. இந்த அறை போய்விட்டால் சனிக்கிழமை நான் எங்கே போவேன் என்பதுதான்.

சேமிப்பையெல்லாம் வாடகை தின்று முடித்த பிறகுதான் கடையை மூடினாய். அப்புறம் ஒரு பேரங்காடியில் டை கட்டிக்கொண்டு ரைஸ் குக்கர் விற்றாய். அங்கே உன்னைப் பார்க்க நான் ஒரு தடவைகூட வரவில்லை. உட்கார இடமில்லாத கடை எனக்கு எதற்கு. போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

கடைசியாக, விற்க அந்தப் பெரிய ஸ்பீக்கர்கள் மட்டும் மிஞ்சின. அதை மட்டும் விற்க வேண்டாம் என்று மாலாவிடம் சொன்னேன். அவன் ஞாபகமாக இருக்கட்டும், கேட்டுப் பார்க்காமல் இதை எவனும் வாங்கவும் மாட்டான் என்றேன். அட்டைப்பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

“வச்சிருந்தா யாருண்ணே உக்காந்து கேக்கறது? நீங்களா?” டேப்பை இழுத்து ஒட்டியபடியே சொன்னாள். “ஆன்லைன்ல போடணும்னு அவரு ரொம்ப ஆசப்பட்டாரு. நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னுதான் விட்டுட்டாரு.”

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. உன் மகளின் படிப்புச் செலவுக்குத்தான் இந்த விற்பனை என்பது எனக்கும் தெரியும். அங்கேயே நின்று படம் எடுத்து ஆன்லைனில் போட்டேன்.

மூவாரிலிருந்து ஒருவர் வேனோடு வந்தார். இத்தனை பேரில் அவர் ஒருவர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றவர். ஆம்பிளிஃபயர் ஈப்போ போய்விட்டதால் என் வீட்டுப் பழைய செட்டைக் கொண்டுவந்து, உன்னிடம் வாங்கிய அந்த ஒயரிலேயே இணைத்தேன். உன் கடையிலிருந்து வந்து கிடந்த அந்த நாற்காலியை நடுவில் போட்டு அவரை உட்கார வைத்து, உன் நாதஸ்வர சிடியைப் போட்டேன். ஒலியைக் கூட்டிக் குறைக்க நான் ஓரமாக நின்றேன், நீ நிற்கிற இடத்தில்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மலர்ந்தது. “நடுவில நிக்குது அங்கிள்” என்றார். எனக்குத் தவில் மட்டும்தான் கேட்டது. தவில் வருகிற பக்கத்து ஸ்பீக்கர் காதை அடைத்தது, நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் தேய்ந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன், முன்னால் சாய்ந்து பார்த்தேன். கேட்கவில்லை, மச்சான்.

மற்ற நாட்களில் ஆளில்லாதபோது அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பாய், அப்படித்தான் நம்பப் பார்க்கிறேன். ஆனால் சனிக்கிழமைகள் முழுக்க, உன் சொந்தக் கடையில், நீ நின்றது ஓரத்தில். வாரம் தவறாமல் “நிக்குதா?” என்றாயே, நான் அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள் என்று அவர் எழுந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றிவிட்டு, பணத்தை மாலாவிடம் கொடுத்தேன், நாற்காலியையும் அவரோடே அனுப்பிவிட்டேன். இப்போது சனிக்கிழமை பிற்பகல்களில் எனக்குப் போக இடமில்லை. வீட்டில் சும்மா இருக்கும்போது காதில் அந்தத் தவில் மட்டும் வருகிறது, உனக்கு நான் விட்டு வைத்த பங்கு.