யன்னலுக்குக் கிடைத்த பதில்

ஒக்டோபர் 8, சனி. வைலே, டென்மார்க்.

மழை. நேற்றுத்தான் இங்கிலாந்திலிருந்து திரும்பினேன். கப்பலில் நனைந்த கோட் ஹீட்டரில் காய்கிறது. எழுத வேண்டியவை:

1. ரவியின் ஊர்.
2. அவன் சொன்ன யோசனை, என் மறுப்பு.
3. வாய் திறவாமல் காத்திருப்பதே என் மனைவி கமலா வந்து சேர நல்லது. அதற்கான காரணங்கள்.

முதலாவது. ரவி என் அக்காவின் மகன், அங்கே பல் வைத்தியர். பழைய சந்தை நகரம். வீடு, தேவாலயம், கூரை ஓடு கூட, எல்லாம் தேன் நிறக் கல். நடுவில் ஒரு தூண் மண்டபம். கோயில் பழக்கம், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். சீஸ் விற்கிறார்கள்.

"மாமா, இது சந்தை! போடுங்கோ, சனம் பாக்குது."

"பாக்கட்டும். நல்ல துப்பரவாத்தான் கிடக்கு."

சீஸ்காரி சிரித்து ஒரு துண்டு தந்தாள். உப்பு.

ரவியின் வீட்டு யன்னல் மரம் உக்கிவிட்டது. பழைய கட்டடம், மாற்ற நகரசபையின் அனுமதி வேண்டும். சில கிழமையில் பதில் வந்ததாம்: பிளாஸ்டிக் கூடாது, மரம்தான். அவனுக்குக் கோபம். எனக்குப் பொறாமை. ஒரு யன்னலுக்குப் பதில். ஊரில், மானிப்பாயில், தனியே இருக்கும் என் மனைவியை அழைக்கப் போட்ட மனுவுக்கு ஒரு வருஷமாய் ஆம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை.

ஒக்டோபர் 9, ஞாயிறு.

இரண்டாவது. அங்கே ரவி சொன்னது: "டென்மார்க்காரர் மாமியை விடமாட்டினம். இஞ்சையே நில்லுங்கோ. நான் ஒரு வக்கீலோட கதைக்கிறன்."

"அவையின்ர சட்டத்தில அவளைக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கு. நான் ஏன் ஓடோணும்?"

சொல்லிவிட்டேன். திரும்பி வந்தது சரியோ, இன்றும் தெரியவில்லை.

ஒக்டோபர் 11, செவ்வாய்.

காற்று. மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன். பக்கத்து அறை யோகன் வந்தான். விடுதியின் கீழே பத்திரிகைக்காரி ஒருத்தி வந்திருக்கிறாளாம், எங்கள் மனுக்களைப் பற்றி எழுத. பெயரும் படமும் தர ஒருவரும் இல்லை.

"போகாதேங்கோ மாஸ்டர். பேர் வந்தா கேஸ் பழுதாப்போகும்."

"எந்தக் கேஸ்? அவை இன்னும் திறந்தே பாக்கேல்லை."

போனேன். என் முழுப் பெயர், கமலாவின் பெயர், மனுப் போட்ட மாதம். ஆங்கிலத்தில், எழுத்தெழுத்தாகச் சொன்னேன். படத்துக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்றேன். கமலாவுக்கு இந்த முகம்தான் தெரியும்.

நாளை பத்திரிகையில் வருமாம். மூன்றாவதற்கு ஒரு காரணமும் எழுத வரவில்லை. வாய் திறவாமல் காத்திருப்பது நல்லதென்றது பிழை.