வார்டுக்குள் வந்த புத்தகம்

12.7.1974

அன்புள்ள அம்மாவுக்கு, சலோமி எழுதுவது. மாதா துணையால் நீங்களும் தங்கை ஜெயமேரியும் சுகம்தானே? கோட்டுச்சேரியில் மழை உண்டா?

இந்தக் காசநோய் வார்டுக்குள் வந்த புத்தகம் வெளியே போகக் கூடாது. நோயாளி இறந்தால் அதை எரிப்பது நர்ஸ் வேலை. எரிக்குமுன் நின்றபடியே படித்துவிடுவேன். துப்பறியும் கதை, கடல் பயணம், நட்சத்திர ஆராய்ச்சி என்று காரைக்கால் கடைகளில் கண்ணில் படாததெல்லாம் படித்தாயிற்று. போன மாதம் துப்பறியும் கதையைப் பாதியில் வைத்திருந்த ஒரு பெரியவர், "கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன். சிரித்தார். மறுநாள் அந்தப் புத்தகத்தையும் எரித்தேன்.

இப்போது படுத்தபடியே படிக்கிறேன். எனக்கும் இங்கேயே ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். லேசான இருமல்தான், கவலைப்படாதீர்கள். சின்னதாக ஒரு கதைப் புத்தகம் அனுப்புங்கள். ஜெயமேரி பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கியது வேண்டாம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்
சலோமி