மூச்சுப் பயிற்சி

மார்ச் 4, செவ்வாய்
தடுப்பூசி நாள். ஆஸ்பத்திரியில் காலை முழுக்கக் குழந்தைகளின் அழுகை. காதில் அது இன்னும் அடங்கவில்லை. சாயங்காலம் மகளை நீச்சல் கிளப்பில் விட்டேன். போட்டிக்கு அவள்தான் அணித் தலைவியாம். வழியெல்லாம் பாட்டு.

மார்ச் 6
எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை மழுப்பிவிடுவேன்.

மகளைக் கூட்டிவரச் சீக்கிரம் போய்விட்டேன். பயிற்சியாளர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். குளத்தில் ஆழம் குறைந்த பக்கத்தில் நாலைந்து பெண்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்தது. என் மகளின் கை தண்ணீருக்குள்.

"இன்னும் கொஞ்சம்தான்டா செல்லம், இதோ முடிஞ்சிடும்." அவ்வளவு கனிவு.

கையை எடுத்ததும் மேலே வந்தது சுண்டெலி. அணியிலேயே சின்னவள், பஸ் டிரைவரின் மகள். அந்தப் பேரை வைத்ததும் இவர்கள்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினாள், என்னைப் பார்த்ததும் அதையும் அடக்கிக்கொண்டாள்.

"மூச்சுப் பயிற்சிம்மா," என்றாள் என் மகள்.

அந்தக் கனிவு என்னுடையது. ஊசி போடும்போது நான் பிள்ளைகளிடம் சொல்வது. அதே வார்த்தை, அதே இழுப்பு.

மார்ச் 7
பயிற்சியாளர்: "பசங்க விளையாட்டுங்க. போட்டி வர்ற நேரத்துல ஊதிப் பெருசாக்காதீங்க."

வீட்டுக்காரர்: "வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. நம்ம பொண்ணை நாமளே காட்டிக்கொடுக்கிறதா?"

மகள் சாப்பிட உட்கார்ந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

மார்ச் 8
கண்ணை மூடினால் அந்த வட்டம். ஒருத்திதான் சிரித்தாள். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார்கள் — ஏன் ஒருத்திகூட நகரல?

மார்ச் 9
டிரைவர் வீட்டுக்குப் போனேன். குளத்தில் பார்த்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ரெண்டு மாசமா தலைக்குத் தண்ணி ஊத்த விடமாட்டேங்குறா சிஸ்டர். சோம்பேறித்தனம்னு அவங்கம்மா ரெண்டு போட்டுட்டா." பிறகு, "அமுக்கினது யாரு வீட்டுப் பொண்ணு?"

"என் பொண்ணு."

திட்டுவார் என்று நின்றேன். எழுந்து போய் சுவரைப் பார்த்து நின்றார். திரும்பியபோது, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 12
இருவரும் சேர்ந்து கிளப் தலைவியிடம் போனோம். அந்த அம்மா வக்கீல், சுற்றி வளைக்கவில்லை. இனிக் கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை குளத்தருகில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். பிள்ளைகள் ஏதாவது குறை என்றால் போய்ச் சொல்வதற்குப் பயிற்சியாளர் அல்லாத ஒருவர். வட்டத்தில் நின்ற ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகப் பேசுவார்கள். விசாரணை முடியும்வரை பயிற்சியாளர் வரக் கூடாது. என் மகளுக்கு இந்த சீசன் முழுக்கக் குளமும் இல்லை, போட்டியும் இல்லை. ஆலோசகரிடம் மட்டும் போக வேண்டும்.

"உனக்கு நான் பொண்ணா, அவ பொண்ணா?" மகள் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெண்டு பேரும்தான்னு சொல்லியிருக்கணும்.

மார்ச் 20
இன்று ஒரு பிள்ளைக்கு ஊசி. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "வலிக்கும்" என்றேன்.

ஏப்ரல் 15
சுண்டெலி — இல்லை, அந்தப் பேரை நானும் எழுதக் கூடாது. சின்னவள் இன்று குளத்துக்கு வந்தாள். விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். இன்று காவல் என் முறை. "பாத்து உக்காரும்மா," என்றேன். அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

முகத்தைப் பார்த்து அல்ல. என் குரலுக்கு.

காவலை வேறொரு அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

மே 2
மகள் என்னிடம் பேசுகிறாள். உப்பு எடு, விளக்கை அணை. அவ்வளவுதான். சில நேரம் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது, வேறு சத்தமே இல்லை. கதவைத் தட்டுகிறேன். "இருக்கேன்" என்கிறாள்.

செப்டம்பர் 3
தடை முடிந்தது. என் மகள் திரும்பி வரலாமா என்று தலைவி முதலில் சின்னவளைக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாளாம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இவளுக்கு வேறு நேரம்.

துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன்.

"அவளே சொன்னாளா?"

"அவளேதான்."

ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கும் வேண்டாம்னு சொன்னாம்மா," என்றாள்.