மூன்றாவது கயிறு

இன்று காலை நாம் துணி காயப்போடும் மூன்றாவது கயிறு அறுந்து விழுந்தது. மற்ற ஐந்து கயிறுகளை இதற்குள் இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். அதை மட்டும் நான் தொட விட்டதில்லை. மழையில் ஊறி, கறுத்து, நார் நாராகப் பிய்ந்த பிறகும் விடவில்லை. இன்று அதுவே பொறுக்காமல் நான்கு ஈர முண்டு வேட்டிகளோடு மண்ணில் விழுந்தது. மாணிக்கம் அண்ணன் தன் துவைப்பை விட்டுவிட்டுப் புதுக் கயிறு கொண்டுவந்து முறுக்க ஆரம்பித்தார். இடமெங்கும் தேங்காய் நார் வாசனை. அந்த வாசனை வந்தால் உனக்குத் தும்மல் வருமே, உன் சார்பில் நானே இரண்டு போட்டேன். பழைய கயிற்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன். ஐந்து முடிச்சு இருந்தது. ஐந்தும் நான் போட்டவை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

கடிதம் என்று எழுதுகிறேனே தவிர, நீ இருந்திருந்தாலும் இதை நான்தான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே சந்தில் பிறந்தோம். நீ இங்கேயே மலையாளப் பள்ளிக்கூடம் போனாய், நான் திருநெல்வேலியில் அத்தை வீட்டில் இருந்து தமிழ் படித்து வந்தேன். பஸ் போர்டு படிக்க நீ, வாரப் பத்திரிகை படிக்க நான் என்று முப்பது வருடம் ஓட்டினோம். டோபிகானா என்கிற நம் பொதுச் சலவைக் கூடத்தில் உன் தொட்டிக்கு அடுத்த தொட்டி என்னுடையது. பேசுவதற்குக் குனிந்த தலையை நிமிர்த்த வேண்டிய அவசியம்கூட நமக்கு இருந்ததில்லை.

எல்லாம் நீலத்தில்தான் தொடங்கியது. வெள்ளைத் துணியில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று டோபிகானா முழுக்கத் தெரியும். உனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அந்த வருடம் எந்த வெள்ளையைப் பார்த்தாலும் உனக்குப் பழுப்பாகத் தெரிந்தது. சோப்பு சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று திட்டிக்கொண்டே அலசுகிற தொட்டியில் இன்னும் இரண்டு சொட்டு, இன்னும் நாலு சொட்டு என்று நீலத்தை விட்டுக்கொண்டே போனாய். "எடீ, போதும்டி, முண்டெல்லாம் நீலமாப் போகுது" என்று நான் சொன்னேன். "உனக்குப் பொறாமை" என்றாய். கடைசியில் ஹோட்டல்காரச் சேட்டன் ஒரு மூட்டை விரிப்போடு வந்து நின்றார்.

"சேச்சி, நான் தந்தது வெள்ளை ஷீட்டு. நீங்க திருப்பித் தந்தது ஆகாசம்."

நீ விடுவாயா? விரிப்பை அவருடைய வெள்ளை முண்டின் மேலேயே வைத்துக் காட்டி, "ரெண்டும் ஒரே நிறம்தானே? எல்லாரும் பார்த்துச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டாய். ஒவ்வொருவராகத் தத்தம் தொட்டிக்குத் திரும்பினார்கள். மாணிக்கம் அண்ணன் குனிந்து சோப்பைத் தேடினார். அப்போதுதான் உன் முகம் மாறியது. மறுநாள் நான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது.

முதலில் இடது கண்ணில் அறுவை செய்தார்கள். ஒரு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால், கட்டுப் பிரித்ததும் நீ வேடிக்கை பார்க்க வந்தாய். கயிறு நிறைய உன் பழைய கைவரிசை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவள், "அய்யோ, இதையா நான் வெள்ளைன்னு சண்டை போட்டேன்!" என்று துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாய். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்து, துடைக்கக் கூடாதே என்று என் முந்தானையைக் கேட்டாய். நம் இருவருக்கும் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு மாதம் கழித்து, திரும்ப வேலைக்கு வந்த பிறகு ஒரு நாள், உன் தொட்டிக்கு நேர் எதிரே இருக்கும் கயிற்றைக் காட்டிச் சொன்னாய்.

"ராஜி, அந்த மூணாவது கயிறு நடுவுல வளையுது பாரு."

நான் என்ன செய்தேன்? கிளிப் இல்லாமல், இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கி, அந்த முறுக்கில் துணியின் முனையைச் செருகிக் காயப்போடுகிறவர்கள் நாம். கயிறு வளைகிறது என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான், இழுத்துக் கட்டுவது. இழுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி வளைகிறது என்றாய். மழைக்காலம், கயிறு தொய்யத்தான் செய்யும் என்று மறுபடி ஒரு முடிச்சு. மாணிக்கம் அண்ணன் கம்பத்தையே பிடுங்கி ஆழமாக நட்டார். மூன்றாவது முடிச்சு, நான்காவது முடிச்சு. ஐந்தாவது போடும்போது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இதுக்கு மேல இழுத்தா அறுந்துரும். குறை சொல்லாம உன்னால இருக்க முடியாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். அதற்குப் பிறகு நீ கயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை. மழை முடியும்வரை பேசவில்லை.

அடுத்த கண்ணுக்கு நாள் குறிக்கப் போனபோதுதான் டாக்டர் உன் வலது கண்ணை மூடிவிட்டு, கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டினார். கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டார். நீ தாளைப் பார்த்தாய். பிறகு மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாய்.

"நடுவுல வளையுது. நம்ம மூணாவது கயிறு மாதிரியே."

அறுவைக்குப் பிறகு சிலருக்குக் கண்ணின் பின்திரையில் நடுவிடத்தில் நீர் கோத்து வீங்கும், உனக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பெரும்பாலும் சரி செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மருந்து விட்டார்கள், கண்ணில் ஊசி போட்டார்கள். வீக்கம் வற்றியது, ஆனால் நடுவில் ஒரு மங்கல் வட்டம் நிலைத்துவிட்டது. வரும் வழியெல்லாம் ஆட்டோவில் நான் அழுதேன். நீதான் என் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தாய். உன் கண் போனதில் என் கைக்கும் பங்கு உண்டு. இதை இன்றுவரை வேறு யாரிடமும் இப்படி நேராகச் சொன்னதில்லை.

நீ அதை எப்படிச் சமாளித்தாய் என்பதைத்தான் எழுதி மாளாது. டம்ளருக்கு வெளியே சாயா ஊற்றினாய். படியில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைத்தாய். சட்டைக் காலரில் அழுக்குப் போயிற்றா என்று பார்ப்பதை விட்டு விரலால் தடவிச் சொல்லப் பழகினாய், ஒரு நாளும் தப்பவில்லை. வலது கண்ணின் புரையும் எடுத்து, அது நல்லபடியாகத் தெளிந்த பிறகும், இடது கண்ணைச் சும்மா விட மாட்டாய். அதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எடீ ராஜி, உன் மூஞ்சி தெரியல, ரெண்டு காது மட்டும் தெரியுது. பரவாயில்ல, உன்கிட்ட பார்க்கிற மாதிரி இருக்கிறது அதுதான்" என்பாய். நான் முடிச்சுகளைப் பற்றி எப்போது ஆரம்பித்தாலும், "நீ கட்டினதாலதான் அந்தக் கயித்துல துணி தொய்யாமக் காயுது, விடு" என்று வாயை அடைத்துவிடுவாய்.

அப்புறம்தான் உன் சட்டம் வந்தது. காலையில் தொட்டியில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் கயிறுகளுக்கு எதிரே நிற்க வேண்டும். ஒரு கண்ணைக் கையால் பொத்தி ஆறு கயிற்றையும் பார்க்க வேண்டும், பிறகு அடுத்த கண். "ரெண்டு கண்ணும் சேர்ந்து நம்மகிட்ட பொய் சொல்லும். ஒண்ண மூடு, மத்தது உண்மை பேசும்" என்று நீ பள்ளிக்கூட டீச்சர் மாதிரி நடந்து வருவாய். நான் எவ்வளவு கிண்டல் செய்தேன்! "வந்துட்டாங்க டாக்டரம்மா" என்று இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு, "கயித்தையே காணோம்" என்பேன். நீ என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நான் ஒழுங்காகப் பார்த்து முடிக்கும்வரை நகர மாட்டாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவராக அந்தப் பழக்கத்தை விட்டார்கள். நான் விடவில்லை. நம்பிக்கையால் அல்ல, உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் மண்டையில் உன் தட்டு விழாமல் இருப்பது தாங்க முடியாமல்தான் தினமும் நின்றேன்.

போன வருடம் என் வலது கண்ணிலும் புரை எடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் துவைத்துக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் மின்னல் வெட்டியது. சோப்பு நுரையில் வெயில் படுகிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கயிறுகளைப் பார்த்தேன். ஓரத்தில் ஆறாவது கயிற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு விரிப்பு தொங்கியது.

"யாரு விடியறதுக்குள்ள அங்க ஷீட்டு போட்டது?" என்றேன்.

உன் தொட்டியில் இப்போது துவைக்கிற செல்வி எட்டிப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்லையே அக்கா. கயிறுதான் தொய்ஞ்சிருக்கோ என்னவோ, இழுத்துக் கட்டட்டுமா?" என்று கம்பத்தைப் பிடிக்கப் போனாள்.

"கயித்தைத் தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் நாற்பது பேரும் கை நிறுத்தித் திரும்பினார்கள். கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன், ஆறு கயிறும் இருந்தன. திரும்ப இடது கண்ணைப் பொத்தினேன், ஐந்து கயிறும் அந்தச் சாம்பல் விரிப்பும். உனக்குச் செய்ததை எனக்கும் செய்துகொள்ள நான் தயாராக இல்லை. ராத்திரியே ஊறப்போட்ட ஹோட்டல் துணியை அப்படியே விட்டேன். கட்டியிருந்த புடவையோடு ஆட்டோவில் ஏறினேன். தோப்பும்படி பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். விரிப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது.

எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர் பார்த்தார். கண்ணின் பின்திரை ஓரத்தில் கிழிந்து உரிந்துகொண்டு வருகிறது, நடுவிடம் இன்னும் உரியவில்லை, அது உரிவதற்குள் ஒட்டியாக வேண்டும் என்றார். "ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிப் பேச மாட்டேன், சேச்சி. ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கணும்னு யாரு படிப்பிச்சது? எந்த டாக்டர்?"

"டாக்டர் இல்ல மோளே. என் கூட்டுக்காரி. துணி துவைக்கிறவ" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அறுவை முடிந்து கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்து, ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் எங்கே கவிழ்வது? இஸ்திரி மேஜைதான் சரியான உயரத்தில் இருந்தது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடித்த துண்டுகளின் மேல் நெற்றியை வைத்து, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்து என்னோடு பேசினார்கள். மாணிக்கம் அண்ணன் அந்த வயதில் படுத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். செல்வி தினமும் துவைத்த துணியைக் கொண்டுவந்து கீழே விரித்துக் காட்டுவாள். நான் நல்ல கண்ணால் பார்த்து, "காலரை மறுபடி தேய். நீலம் அதிகம்" என்பேன். குப்புறக் கிடந்தும் என் அதிகாரம் குறையவில்லை.

கட்டுப் பிரித்தபோது எல்லாம் கலங்கலாக இருந்தது. பிறகு குமிழி சிறுக்கச் சிறுக்க, தொட்டியில் தண்ணீர் வடிகிற மாதிரி ஒரு கோடு கண்ணுக்குள் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. கோட்டுக்கு மேலே முதலில் ஓடு தெரிந்தது, பிறகு ஜன்னல், பிறகு சுவரில் உன் படம். கடைசிக் குமிழி கடுகளவாகி மறைந்த அன்று நான் கயிறுகளுக்கு எதிரே போய் நின்றேன். ஆறு இருந்தன. அன்றிலிருந்து டோபிகானாவில் கண் பொத்தாமல் யாரும் தண்ணீர் திறப்பதில்லை.

இன்றும் புதுக் கயிறு கட்டி முடித்ததும் மாணிக்கம் அண்ணன் தானாகவே கையைக் கண்ணில் வைத்தார். "ஆறும் நேர்!" என்று கத்தினார். செல்வி கத்தினாள். வரிசையாக வந்து என் முறை ஆயிற்று. பழைய கயிற்றில் முடிச்சுத் துண்டை மட்டும் வெட்டி இடுப்பில் செருகிக்கொண்டு இடது கண்ணைப் பொத்தினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றாவதில் கொஞ்ச நேரம் நின்றேன். நடுவில் ஒரு நெளிவு கிடையாது. அன்றும் அந்தப் பழைய கயிறு இப்படித்தானடி நேராக இருந்திருக்கிறது. நான்தான் கயிற்றைப் பார்த்தேன், உன் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த முடிச்சுத் துண்டு இனி என் இஸ்திரி மேஜை இழுப்பறையில் இருக்கும். உன் கண் கொடுத்த புத்தி என் கண்ணில் இருக்கிறது.

"ஆறும் நேர்!" என்று நான் போட்ட சத்தத்தில் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன. உனக்கும் கேட்டிருக்கும்.